விசேஷத்துக்கு முன்னால் விழுங்கும் மாத்திரை: உங்கள் அனுபவம் என்ன?

நெல்லைக்காரி:
தம்பி கல்யாணம் சரியாக எனக்கு மாதவிடாய்த் தேதி வரும் நாளில் விழுந்தது. "ஏட்டி, தள்ளிப்போடுத மாத்திரை போட்டுக்கோ" என்றாள் பெரியம்மா. மெடிக்கலில் நான் மென்று விழுங்கிச் சொல்லி முடிப்பதற்குள் அட்டை கைக்கு வந்துவிட்டது. சீட்டும் கேட்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. நாரெதிஸ்டிரோன் 5 மி.கி., நாளுக்கு மூன்று, தேதிக்கு மூன்று நாள் முன்பிருந்தே. வயிறு உப்பி, மார்பு கனத்து, முகூர்த்த ஜாக்கெட்டில் இரண்டு கொக்கி கடைசிவரை மாட்டவில்லை. நிறுத்திய மூன்றாம் நாள் வந்தது.

ஆறு மாதம் கழித்து ஒற்றைத் தலைவலிக்காக வேறு டாக்டரிடம் போனேன். வலி தொடங்கும் முன் எனக்குக் கண்ணில் மின்னல் கோடு நெளியும். பேச்சுவாக்கில் இந்த மாத்திரையைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இந்த அளவில் சாப்பிட்டால் இதில் கொஞ்சம் உடம்புக்குள் எத்தினைல் எஸ்ட்ராடையாலாக மாறும்மா. கருத்தடை மாத்திரையில் இருக்கிற அதே ஈஸ்ட்ரோஜன். உங்களை மாதிரி தலைவலிக்காரங்களுக்குப் பக்கவாத பயம் உண்டு. இனி கேட்காம போடாதீங்க." நான் போட்டது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் வகை மாத்திரை; அது எப்படி ஈஸ்ட்ரோஜன் என்ற வேறு ஹார்மோன் ஆகும்? அதுதான் இன்னும் புரியவில்லை.

பென்சீன் வாத்தியார்:
நான் கரும்பலகையில் வருஷாவருஷம் வரைகிற மூலக்கூறு இது. நம் உடம்பில் சுரக்கும் புரோஜெஸ்டிரோனை அப்படியே வாயில் போட்டால் கல்லீரல் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். மூலக்கூறின் 17ஆம் கார்பனில் எத்தினைல் என்ற இரண்டு கார்பன் தொகுதியை மாட்டினால் அவ்வளவு சுலபத்தில் சிதையாது. 19ஆம் கார்பனைக் கழற்றிவிட்டால் வீரியம் ஏறும். இரண்டையும் சேர்த்துச் செய்ததுதான் நாரெதிஸ்டிரோன். 1951 அக்டோபர் 15 அன்று மெக்சிகோ சிட்டியில், சிண்டெக்ஸ் ஆய்வுக்கூடத்தில், கார்ல் ஜெராசியின் குழுவிலிருந்த லூயிஸ் மிராமொந்தேஸ் தயாரித்தார். அப்போது அவர் 26 வயது மாணவர்! அந்தக் கூடத்தின் இந்த மாதிரி ஸ்டீராய்டுகளுக்கெல்லாம் மூலப்பொருள் அந்த ஊர்க் காட்டுக் கிழங்கு.

உங்கள் கேள்விக்கு விடையும் அந்த வெட்டு ஒட்டிலேயே இருக்கிறது. 19ஆம் கார்பன் இல்லாததால் முதல் வளையம் பென்சீன் வளையமாக மாறுவது எளிது. எத்தினைல் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. வளையம் மாறினால் கையில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ராடையால்தான்.

கிராமச் செவிலியர்:
எங்கள் பக்கம் அந்தரா என்ற கருத்தடை ஊசி. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 150 மி.கி., மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வாத்தியார் சொன்ன எத்தினைல் இதில் இல்லை. முதலில் சொட்டுச்சொட்டாகப் படும், அப்புறம் பலருக்கு நின்றே போகும். "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமா சிஸ்டர்?" என்று கேட்காத ஆள் இல்லை. கருப்பையின் உள்தோல் தடிக்கவே இல்லை, உதிர என்ன இருக்கிறது? ஆனால் நிறுத்தினாலும் கரு தரிக்கப் பல மாதம் ஆகலாம். அதை முதல் ஊசிக்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்.

நெல்லைக்காரி:
வாத்தியாரே, இப்போது புரிந்தது. அடுத்த மாதம் கோயில் கொடை. பெரியம்மா அட்டை வாங்கியே வைத்துவிட்டாள். தேதி வந்தால் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.