பாயமானி பாவிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். கொக்குவிலில் ஸ்பீக்கர் திருத்தும் வேலை செய்கிறேன். காந்தங்களின் பலம் பார்க்க ஒரு பழைய இலத்திரனியல் பாயமானி (காந்தப் பாயத்தை அளக்கும் கருவி, fluxmeter) கைக்கு வந்திருக்கிறது, கையேடு இல்லை.

அதோடு இணைக்கும் கம்பிச் சுருளை மேசையில் அசையாமல் வைத்து ரீசெட் அழுத்தினாலும் இலக்கம் பூச்சியத்தில் நிற்காமல் மெல்ல மெல்ல ஏறுகிறது. சுருளில் வரும் வோல்ற்றளவை நேரத்தோடு கூட்டிச் சேர்க்கும் கருவிதானே, உள்ளே மைக்ரோவோல்ற் அளவு பிசகு இருந்தாலும் அதையும் சேர்த்துக்கொள்ளும். அது விளங்குகிறது. இந்த ஏற்றத்தைச் சரிசெய்யும் டிரிஃப்ட் குமிழைத் திருகினால் கொஞ்சம் நிற்கும், ஃபேன் போட்டால் திரும்ப ஓடும்! அளக்க முன் எவ்வளவு நேரம் ஓன் பண்ணி விடுவீர்கள்? ஒவ்வொரு அளவுக்கும் குமிழைத் தொட வேண்டுமா?

அப்புறம் ஒரு கணக்கு. சுருள் 100 சுற்று, பரப்பு 4 சதுர சென்ரிமீற்றர். கழற்றிய ஃபெரைட் காந்தத்தின் முகத்தில் வைத்துத் தூர இழுத்தால் 4 மில்லிவெபர்-சுற்று காட்டுகிறது. சுற்றாலும் பரப்பாலும் வகுத்தால் 0.1 டெஸ்லா. சரிதானே?

ஸ்பீக்கர் காந்தத்தின் ஒடுங்கிய இடைவெளிக்குள் போக மெல்லிய கம்பியில் வேறு சுருள் சுற்றப் போகிறேன். அதன் தடை கூடினால் வாசிப்புக் குறையுமாமே, எப்படித் திருத்துவது? யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது இப்படி ஒரு கருவி இருந்தால் சொல்லுங்கோ, கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.