ஆரஞ்சு பொத்தானில் எழுத்து வெள்ளையா, கறுப்பா?

கோடும்_நிறமும்: பின்னணி ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) 255, 102, 0. எழுத்து 16 பிக்சல், போல்டு. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் வெள்ளை வைத்தால் 2.94:1, கறுப்பு வைத்தால் 7.15:1. டபிள்யூ.சி.ஏ.ஜி. (இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த உதவும் நெறிமுறை) ஏஏ நிலைக்கு 4.5 வேண்டும். வெள்ளையோ பெரிய எழுத்துக்கான 3-ஐக்கூடத் தொடவில்லை. கறுப்புதான் வைக்கணும்.

வண்ணத்தறி: எண்ணை விடுங்க, திரையைப் பாருங்க. அதே ஆரஞ்சில் வெள்ளைதான் பளிச்சென்று தெரிகிறது. ஏ.பி.சி.ஏ. என்ற, கண்ணுக்குத் தெரிவதை ஒட்டி அளக்கும் புதிய முறையில் கணக்கிட்டால் வெள்ளைக்குச் சுமார் 60, கறுப்புக்கு 49. 16 பிக்சல் போல்டுக்கு 60 போதும். டபிள்யூ.சி.ஏ.ஜி.-யின் பழைய சூத்திரம் இரண்டு ஒளிர்வோடும் 0.05 கூட்டி வகுப்பதோடு சரி. எது எழுத்து, எது பின்னணி என்றே பார்ப்பதில்லை. சிவப்பு மங்கலாகத் தெரியும் நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு ஆரஞ்சு இன்னும் இருண்டிருக்கும். அதன்மேல் கறுப்பு எப்படித் தெரியும்?

கோடும்_நிறமும்: நிறக்குறைபாடு பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஏ.பி.சி.ஏ. இன்னும் தரநிலை இல்லை. டபிள்யூ.சி.ஏ.ஜி. 3 வரைவில் இருந்ததையும் 2023-இல் எடுத்துவிட்டார்கள். தணிக்கையில் கேட்பது 4.5 மட்டுமே.

புள்ளி_முக்கியம்: இரண்டு பேரும் பின்னணியை ஏன் தொடவே மாட்டேன் என்கிறீர்கள்? 194, 78, 0 ஆக்குங்க: வெள்ளைக்கு 4.79, பழைய சூத்திரத்திலும் தேறும். ஹோவரில் (சுட்டி பொத்தான்மேல் வரும்போது) நிறத்தை வெளுக்க வேண்டாம், இன்னும் அடர்த்தியாக்குங்க. கொஞ்சம் வெளுத்தாலே 4.5-க்குக் கீழே போய்விடும். தமிழ் எழுத்தென்றால் இன்னும் கவனம் தேவை. மெல்லிய எழுத்துருவில் முதலில் கரைந்துபோவது மெய்யெழுத்தின் புள்ளி.

வண்ணத்தறி: அது ஆரஞ்சே இல்லை, செங்கல் நிறம். வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

புள்ளி_முக்கியம்: லோகோவுக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. அங்கே பளீர் ஆரஞ்சு அப்படியே இருக்கட்டும், பொத்தானில் மட்டும் மாற்றுங்க. முடியவே முடியாதென்றால் 43, 18, 0 என்ற அடர் பழுப்பில் எழுதுங்க. 6:1 வரும், கறுப்பின் முரட்டுத்தனமும் இருக்காது.

கோடும்_நிறமும்: பழுப்புக்குச் சம்மதம். அதே பக்கத்தின் முகப்புப் படத்தையும் பாருங்க. வெள்ளை எழுத்துக்கு அடியில் படத்தின்மேல் 50% அடர்த்தியில் கறுப்புத் திரை போட்டிருக்கிறார்கள். படத்தில் வெள்ளை வானம் வரும் இடத்தில் 4-ஐக்கூட எட்டாது. 55% வைத்தால் 4.76, எந்தப் படம் மாற்றினாலும் தாங்கும்.

வண்ணத்தறி: திரைக்கு 55% சரி, நானும் அதையே வைப்பேன். பொத்தானில் பழுப்புக்கு மட்டும் சம்மதமில்லை. ஏ.பி.சி.ஏ.-வில் அது கறுப்பைவிடவும் கீழே போகும்.