யூபோர்பியா அடித்தண்டு அழுகுது, கிளையைக் காப்பாத்தலாமா?

மாடித்தொட்டி: 8 அங்குல பிளாஸ்டிக் தொட்டியில் சிவப்புப் பூ யூபோர்பியா (முள்ளும் பாலும் உள்ள கள்ளி வகைச் செடி). மழை ஆரம்பிச்சதும் இலை மஞ்சளாகிக் கொட்டுது. அடித்தண்டை அழுத்தினா பஞ்சு மாதிரி அமுங்குது, மேல் கிளைகள் கெட்டியாத்தான் இருக்கு. செம்மண்ணும் தொழு உரமும் சரிபாதி போட்டிருக்கேன்.

கள்ளிக்காடு: வேர் அழுகல்தான். மடகாஸ்கர்ல பாறை இடுக்குல வளர்ற செடி, அந்தக் கலவையில ஈரம் தங்கிடுது. அடியை விட்டுடுங்க. கெட்டியான கிளையை நுனியிலிருந்து 4 அங்குலம் வெட்டுங்க. வெட்டுவாயில் பழுப்பு தெரிஞ்சா இன்னும் மேலே வெட்டணும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைச்சு. தண்ணியில முக்கினா பால் வடியறது நிக்கும். நிழல்ல 5 நாள் காயவிடுங்க. பச்சைக் காயத்தோட நட்டா அதுவும் அழுகும். நடறதுக்கான கலவை: பருமணல் 2 பங்கு, செம்மண் 1, மக்கின உரம் அரை. ஒரு அங்குல ஆழம் போதும், முதல் தண்ணி ஒரு வாரம் கழிச்சு. வேர் பிடிக்க 4 முதல் 6 வாரம் ஆகும், நடுவுல பிடுங்கிப் பாக்காதீங்க!

முள்வேலி: கையுறை கட்டாயம். பால் கண்ணில் பட்டா ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு டாக்டரைப் பாருங்க.

மாடித்தொட்டி: நன்றி. பழைய மண்ணை மறுபடி போடலாமா?

கள்ளிக்காடு: வேண்டாம், அதுல அழுகல் பூஞ்சை இருக்கும். தொட்டியை பிளீச்சிங் தண்ணியில கழுவி, துளை அடைக்காம இருக்கான்னு பாருங்க. வேர் பிடிச்சதும் தினம் 5 மணி நேர வெயில் வேணும். யூரியா பக்கம் போகாதீங்க, இலைதான் தழைக்கும், பூ வராது.