இராணுவ மருத்துவப் பாரத்தில் பழைய மனநலச் சிகிச்சையைக் குறிப்பிட வேண்டுமா?

கேள்வி: தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 21. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் அம்மாவோடும் தங்கையோடும் வசிக்கிறேன். தரைப்படையில் சேர விண்ணப்பித்திருக்கிறேன். மருத்துவப் பரிசோதனைக்காகத் தந்த பாரத்தில், மனநோய்க்கோ மனச்சோர்வுக்கோ எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ஒரு வரியைத் தவிர மற்ற அனைத்தையும் நிரப்பிவிட்டு மூன்று நாளாகப் பாரத்தை மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

நான் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதிய ஆண்டில் குலை ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து அப்பா தவறிவிட்டார். அதன் பிறகு இரவில் உறக்கமில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உண்ணாமலேயே எழுந்துவிடுவேன். சுகாதார கிளினிக்கில் அது மனச்சோர்வு என்று சொல்லி எஸ்சிடலோபிராம் மாத்திரை கொடுத்தார்கள். பத்து மாதம் உட்கொண்டேன். பிறகு மருத்துவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். நிறுத்தி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது விடியற்காலையில் தோட்டத்துச் செம்மண் சாலையில் நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன்.

"எழுதினால் தஞ்சோங் ரம்புத்தான் கேஸ் என்று முத்திரை குத்திவிடுவார்கள், 'இல்லை' என்றே போடு" என்கிறார் மாமா. நான் அந்த ஊர் மனநல மருத்துவமனையின் வாசலைக்கூட மிதித்ததில்லை. அம்மாவோ கிளினிக் அட்டையைச் சாமிப்படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில் 1: ஓய்வுபெற்ற படை மருத்துவ உதவியாளர்

தம்பி, நான் பல ஆண்டுகள் தெரண்டாக் முகாமில் பணியாற்றியவன். முதலில் அந்தக் கேள்வியை மலாயில் மறுபடியும் படித்துப் பாருங்கள். 'பெர்னா' என்று இருக்கும். 'செகாராங்' என்று இருக்காது. இப்போது நோய் இருக்கிறதா என்று உங்களை அவர்கள் கேட்கவில்லை. எப்போதாவது இருந்ததா என்றுதான் கேட்கிறார்கள். ஆகவே "இப்போது நலமாகத்தானே இருக்கிறேன், 'இல்லை' என்று எழுதினால் பொய்யாகாது" என்ற சமாதானம் செல்லாது. கடைசியில் கையெழுத்திடும் பகுதிக்குப் பெயர் 'பெங்காகுவான்', அதாவது உறுதிமொழி. தெரிந்தே பொய்யான விவரம் கொடுத்துப் படையில் சேர்வது 1972ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டப்படி குற்றம். மருத்துவக் காரணத்தால் சேர்க்கப்படாதவர் வேறு வேலைக்குப் போகலாம். பொய் சொன்னதற்காக வெளியேற்றப்பட்டவரின் ஆவணத்திலோ அதுவும் பதிந்து கிடக்கும்.

படையில் உடல்நிலையைப் 'பல்ஹீம்ஸ்' என்ற முறையில் தரம் பிரிக்கிறார்கள். பிரிட்டிஷ் படையிலிருந்து வந்த முறை அது, எட்டு ஆங்கில எழுத்துகள் (PULHEEMS). உடல் வலு, மேல் உறுப்புகள், நடமாட்டம், செவி, இரண்டு கண்களுக்கும் தனித்தனியாக ஒவ்வோர் எழுத்து, பிறகு மனத்திறன், கடைசியாக உணர்ச்சி நிலைத்தன்மை. முட்டியையும் காதையும் எடை போடும் அதே தாளில்தான் மனத்தையும் எடை போடுகிறார்கள். இதை அவமானப்படுத்துவதற்கான கேள்வியாக எண்ண வேண்டாம். இரவெல்லாம் கண்விழித்துக் காவல் நிற்க வேண்டியிருக்கும், கையில் துப்பாக்கி இருக்கும், வீட்டை விட்டு மாதக்கணக்கில் பிரிந்திருக்க நேரும். உறக்கம் கெட்டால் யாருக்கு மறுபடியும் சோர்வு வரக்கூடும் என்பதை மருத்துவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பயிற்சி வீரர் தம் மனச்சோர்வு மாத்திரைகளைக் காலணிப் பாலீஷ் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பெட்டிச் சோதனைக்கு அஞ்சி ஒரே நாளில் மருந்தை நிறுத்திவிட்டார். அவ்வகை மாத்திரையைத் திடீரென்று விட்டால் தலைசுற்றலும் உறக்கமின்மையும் பதற்றமும் வரும். நான்காம் நாள் அணிவகுப்பிலேயே விழுந்தார். சொல்லியிருந்தால் முறையாகக் குறைத்திருக்கலாம். நாங்கள் வெயிலால் வந்த மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

பதில் 2: ஈப்போ தொழிற்சாலைத் தொழிலாளி

முதல் பதில் எழுதிய ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் உண்மையை எழுதினால் கதவு திறந்துவிடும் என்று தம்பி எண்ணிவிடக்கூடாது. நான் 'ஆம்' என்று எழுதினேன், எடுக்கவில்லை. அதற்குக் காரணம் அந்தப் பதில்தானா, என் இடக்கண்ணா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் ஒரு தவறு மட்டும் தெளிவாகத் தெரிகிறது. 'மன அழுத்தம்' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டு, எப்போது, எவ்வளவு காலம், எப்படிக் குணமானது என்று எதையும் சொல்லாமல், ஒரு கடிதமும் இணைக்காமல் போய்விட்டேன். அந்த ஒற்றைச் சொல்லைப் படிப்பவர் எதை வேண்டுமானாலும் கற்பனை செய்துகொள்ளலாம் அல்லவா?

பதில் 3: அரசாங்க மருத்துவமனைத் தாதி

தம்பி, மாமாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. தஞ்சோங் ரம்புத்தானில் அந்த மருத்துவமனை 1911இல் திறக்கப்பட்டது. 1971இல் அதற்கு 'பஹாகியா', அதாவது மகிழ்ச்சி, என்று பெயர் வைத்தார்கள். ஆனால் பேராக்கில் இன்றும் ஊர்ப் பெயரையே வசையாகப் பயன்படுத்துகிறோம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல்தான் நீக்கப்பட்டது. அதனால் மூத்தவர்களுக்கு மனநலப் பதிவு என்றாலே போலீஸ் ஞாபகம் வந்துவிடுகிறது. உங்கள் நிலை அதுவன்று. சுகாதார கிளினிக்கில் வெளிநோயாளியாக மருந்து வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பத்து மாதம் என்பதும் நோய் கடுமையாக இருந்ததற்கு அடையாளம் ஆகாது; அறிகுறிகள் நீங்கிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை மருந்தைத் தொடரச் சொல்வதே வழக்கம்.

நீங்கள் செய்ய வேண்டியது, அட்டையை எடுத்துக்கொண்டு அதே கிளினிக்குக்குப் போய் மருத்துவ அறிக்கை கேட்பது. நோயின் பெயர், தொடங்கிய தேதி, மருந்தும் அளவும், நிறுத்திய தேதி, மருத்துவமனையில் தங்கியதுண்டா, தன்னைத்தானே வருத்திக்கொண்டதுண்டா, இப்போதைய நிலை ஆகியவை அதில் இருக்கட்டும். தந்தையின் மரணத்துக்குப் பின் வந்த சோர்வு என்பதையும் மருத்துவர் எழுதினால் நல்லது. காரணம் தெரியாமல் வந்ததற்கும் துக்கத்தைத் தொடர்ந்து வந்ததற்கும் வேறுபாடு உண்டு. 'முற்றிலும் தகுதியுடையவர்' என்று எழுதித்தரும்படி மட்டும் வற்புறுத்தாதீர்கள். அது படையின் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது.

இன்னொன்று. முடிவு எதிராக வந்து மனம் தளர்ந்தால், பாரத்துக்குப் பயந்து சிகிச்சைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 15555 என்ற சுகாதார அமைச்சின் 'ஹீல்' மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. நேற்று அட்டையைக் கேட்டபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே எடுத்துக் கொடுத்தார். விபூதி ஒட்டியிருந்தது. கிளினிக்கில் பழைய மருத்துவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் என் கோப்பை முழுவதும் படித்துவிட்டு, அப்பாவைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். வியாழக்கிழமை வந்து அறிக்கையை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பாரத்தில் விவரம் எழுத விட்டிருக்கும் கோடு என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கிறது. 'ஆம்' கட்டத்தில் குறியிட்டு, அந்தக் கோட்டில் "இணைப்பைப் பார்க்கவும்" என்று மலாயில் எழுதிவிட்டேன்.