தடித்த எழுத்து தனி வகையா, தேய்ந்த அச்சின் தடமா?

செப்புக்காசு:
அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு லிங்கன் சென்ட் நாணயங்கள் ஏழு என்னிடம் உள்ளன. எதிலும் மின்ட் மார்க், அதாவது அடித்த நாணயச்சாலையைக் காட்டும் எழுத்து, இல்லை. அவற்றில் ஒன்றில், தலைக்கு மேல் வளைந்து செல்லும் 'இன் காட் வீ டிரஸ்ட்' வாசகத்தின் எழுத்துகள் கூர்மையான ஓரங்களுடன் விளிம்பிலிருந்து தெளிவாக விலகி நிற்கின்றன. மற்றொன்றில் அதே எழுத்துகள் ஏறக்குறைய இரு மடங்கு தடித்து, மேல்முனைகள் விளிம்போடு ஒட்டிக் கிடக்கின்றன. 1960ஆம் ஆண்டு சென்டில் தேதியின் எண்கள் சற்றுப் பெரிதாகவும் சிறிதாகவும் இருப்பதையே 'பெரிய தேதி', 'சிறிய தேதி' என்று இரண்டு வகைகளாகப் பிரித்துப் பட்டியலிடுகிறோம். அப்படியிருக்க, வெறும் கண்ணுக்கே புலப்படும் இந்த வேறுபாட்டை 'தடித்த எழுத்து', 'மெல்லிய எழுத்து' என்று ஏன் தனித்தனியாகப் பதியக் கூடாது என்பதே என் கேள்வி.

விளிம்புக்கோடு:
நண்பரே, இதை நான் உறுதியாக மறுக்கிறேன். நாணயத்தில் புடைத்து நிற்கும் எழுத்து, டை என்று நாம் சொல்லும் அச்சில் பள்ளமாக இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்ந்தே அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. இலட்சக்கணக்கான அடிகளுக்குப் பின் அந்த உரசலால் பள்ளத்தின் வெளிப்பக்கச் சுவர் அரிக்கப்பட்டுச் சாய்ந்துவிடுவதால், எழுத்து விளிம்புப் பக்கமாக மட்டும் பரந்து விரிகிறது. உங்கள் இரண்டாவது நாணயத்தைப் பத்து மடங்கு உருப்பெருக்கியின் கீழ், ஒளி பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். எழுத்துகளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் விளிம்பை நோக்கி ஓடும் மெல்லிய வரிகள் தெரிந்தால், அது களைத்துப்போன அச்சு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1960இன் கதை வேறு. அங்கே எண்களின் அளவே மாறியது, 6இன் வால் குறுகியது. எவ்வளவு தேய்ந்தாலும் ஓர் அச்சு தன் 6இன் வாலை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாது. ஒருவர் முடிவெடுத்துச் செய்த மாற்றத்தையும், எஃகு தானாகத் தேய்ந்ததையும் ஒரே வரிசையில் வைத்தால் பட்டியல் என்பதற்கே பொருளில்லாமல் போய்விடும்.

செப்புக்காசு:
நீங்கள் சொன்ன வரிகள் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1922ஆம் ஆண்டு சென்டை என்ன செய்வீர்கள்? அந்த ஆண்டு டென்வர் நாணயச்சாலை மட்டுமே சென்ட் அடித்தது. எனவே எல்லாவற்றிலும் 'டி' என்ற குறி இருந்தாக வேண்டும். அச்சு தேய்ந்ததாலும் அதை மெருகேற்றியதாலும் அந்தக் குறி மறைந்துபோன நாணயங்களைச் சேகரிப்பாளர்கள் தனிப் பெயரிட்டுப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அங்கே யாரும் வடிவத்தை மாற்ற முடிவெடுக்கவில்லையே. தேய்ந்த அச்சுக்கு அங்கே கிடைத்த இடம் இங்கே ஏன் மறுக்கப்படுகிறது?

இன்னொன்றும் கேட்கிறேன். மீதமுள்ள ஐந்து நாணயங்களில் மூன்றின் வெற்றிடம் வழவழப்பாக, வரிகளே இல்லாமல் இருக்கிறது. ஆயினும் அவற்றின் எழுத்துகளும் ஓரளவு மழுங்கியே இருக்கின்றன. புதிய அச்சில் மழுங்கிய எழுத்து எப்படி வந்தது?

உருப்பெருக்கி:
அந்தக் கடைசிக் கேள்விக்காகவே எழுதுகிறேன், ஏனென்றால் இருவரும் அச்சைப் பற்றியே பேசுகிறீர்கள், அச்சுக்குத் தாயான ஹப்பை மறந்துவிட்டீர்கள். அச்சு செதுக்கப்படுவதில்லை, நாணயத்தைப் போலவே புடைப்பான எழுத்துகளைக் கொண்ட ஹப்பை மென்மையான எஃகில் அழுத்தியே உருவாக்கப்படுகிறது. அந்த ஹப்பும் அதற்கு மூலமான மாஸ்டர் ஹப்பும் ஆண்டுக்கணக்கில் பயன்பட்டு மழுங்கும்போது, அவற்றிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு அச்சும் முதல் நாளிலேயே மழுங்கிய எழுத்தோடுதான் வருகிறது. லிங்கன் சென்டுக்கு 1960களில் நேர்ந்தது இதுவே. 1969இல் வடிவத்தைத் திருத்திக் கூர்மையாக்கி, லிங்கனின் தலையையும் சற்றுச் சிறிதாக்கினார்கள். 1973இல் பின்புறத்தில் உள்ள, ஃபிராங்க் காஸ்பரோவைக் குறிக்கும் 'எஃப்ஜி' எழுத்துகளைப் பெரிதாக்கி, மறு ஆண்டே மீண்டும் சிறிதாக்கினார்கள்.

ஆகவே, 1964இன் எழுத்தை 1969இன் எழுத்தோடு ஒப்பிட்டு 'தடித்தது' என்று சொல்வது தவறு. அதே ஆண்டின் புதிய அச்சில் அடித்த நாணயத்தோடுதான் ஒப்பிட வேண்டும். விளிம்புக்கோடு ஐயா எல்லா மழுங்கலையும் ஒற்றை அச்சின் தலையில் கட்டுவதும் சரியன்று.

விளிம்புக்கோடு:
ஹப் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். 1922 பற்றி மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. அங்கேயும் மங்கலாக 'டி' தெரியும் நாணயங்களுக்கு மதிப்பு குறைவு. பின்புறம் கூர்மையாக இருந்து, முன்புறத்தில் குறி முற்றிலும் மறைந்த ஒரே ஓர் அச்சு இணையின் நாணயங்களுக்குத்தான் முழு மதிப்பு. அதாவது, எந்த அச்சு என்று சுட்டிக்காட்ட முடிவதால்தான் அதற்கு அந்த இடம். 'தடித்த எழுத்து' என்றால் எந்த அச்சு? களைத்த அச்சு அனைத்துமே அல்லவா?

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டு நாணயங்களையும் ஒரே அளவில் படமெடுத்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, எழுத்துகளின் உட்பக்க ஓரங்களும் இடைவெளிகளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 1992ஆம் ஆண்டுச் சென்டில் 'அமெரிக்கா' என்ற சொல்லின் 'ஏ'யும் 'எம்'மும் அடியில் ஏறக்குறைய ஒட்டி நிற்கும் அரிய வகை உண்டு. அதில் இடைவெளியோடு, 'எஃப்ஜி' பின்புறத்திலுள்ள லிங்கன் நினைவகக் கட்டடத்திலிருந்து நிற்கும் தூரமும் சேர்ந்தே மாறியிருக்கும். தேய்மானத்தால் அப்படி இரண்டு இடங்கள் ஒருங்கே நகர்வதில்லை.

செப்புக்காசு:
நேற்றிரவு ஏழையும் படமெடுத்து ஒப்பிட்டேன். உட்பக்க ஓரங்கள் ஏழிலும் பொருந்துகின்றன. விரிவு முழுவதும் விளிம்புப் பக்கமே. 'தனி வகை' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் எந்த அச்சு என்று கேட்டீர்கள், அதற்கு விடை கிடைத்திருக்கிறது. தடித்த எழுத்துடைய நாணயத்தில் 'காட்' சொல்லின் கடைசி எழுத்திலிருந்து லிங்கனின் தலைமுடி வரை அச்சில் விழுந்த மயிரிழை போன்ற ஒரு விரிசல் புடைத்து ஓடுகிறது. வரிகள் குறைவாக உள்ள இன்னொரு நாணயத்தில் அதே இடத்தில் அதே வளைவுடன் விரிசல் தொடங்கி, பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அதன் எழுத்துகளும் பாதியளவே தடித்திருக்கின்றன. ஒரே அச்சின் இரண்டு வயதுகள் என் மேசையில் இருக்கின்றன. இவற்றை வகை என்று பதிய வேண்டாம். இந்த அச்சின் முன்நிலை, பின்நிலை என்று பதிவதையும் மறுப்பீர்களா?

விளிம்புக்கோடு:
மறுக்க மாட்டேன். விரிசல் தொடங்கும் இடத்தை நெருக்கத்தில் எடுத்த படங்களையும் சேர்த்துப் பதியுங்கள். விரிசலே இல்லாத நிலையில் அதே அச்சு அடித்த நாணயம் மீதமுள்ள ஐந்தில் இருக்கிறதா என்று நானும் பார்க்க விரும்புகிறேன்.