ஆடி வெள்ளிக்கு மண்ணடி வரலாமா? குப்பை அள்ளப்படாத நாள்களில் வடசென்னைப் பயணம்

தூத்துக்குடி மகள், 5 ஆகஸ்ட் 2025

வடசென்னை அன்பர்களுக்கு வணக்கம். என் அப்பா சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் ஓய்வு பெறும்வரை இராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் ஒரு வாடகை வீட்டில்தான் இருந்தோம். பிறகு சொந்த ஊரான தூத்துக்குடிக்கே வந்துவிட்டோம். அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆடி முடிவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமையாவது தம்புச்செட்டித் தெருவுக்குப் போய்க் காளிகாம்பாளைக் கண்ணாரப் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததால், வருகிற 8ஆம் தேதி தரிசனம் கிடைக்கும்படி முத்துநகர் விரைவு வண்டியில் முன்பே பயணச்சீட்டு எடுத்து, மண்ணடியில் மூன்று நாளுக்கு அறையும் பேசி வைத்திருந்தேன்.

இப்போது தூய்மைப் பணியாளர்கள் 1ஆம் தேதி முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்பு அமர்ந்து போராடுகிறார்கள் என்றும், இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களிலும் குப்பை தேங்கிக் கிடக்கிறது என்றும் செய்திகளில் பார்க்கிறேன். மண்ணடியும் இராயபுரம் மண்டலத்தில்தானே இருக்கிறது. அம்மாவுக்கு 72 வயது, ஆஸ்துமா உண்டு. அவர்களை அழைத்துக்கொண்டு அந்தத் தெருக்களில் நடக்க முடியுமா? எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும்? இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. அங்கே இருப்பவர்களே குப்பையை எங்கே போடுவது என்று தவிக்கும்போது, வெளியூரிலிருந்து வந்து நாங்களும் ஒரு பை குப்பையைச் சேர்த்துவிட்டுப் போவது முறைதானா?

மண்ணடிவாசி, 5 ஆகஸ்ட் 2025

சகோதரிக்கு வணக்கம். ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடை வைத்திருக்கிறேன், வீடு மண்ணடியில். பயணத்தை நீங்கள் கைவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இராஜாஜி சாலை, பிரகாசம் சாலை, என்.எஸ்.சி. போஸ் சாலை போன்ற பெரிய சாலைகளில் வேறு பகுதிகளிலிருந்து ஆட்களையும் லாரிகளையும் வரவழைத்து இரவில் ஓரளவு அள்ளிவிடுகிறார்கள். சிக்கல் எல்லாம் உள்தெருக்களில்தான். இங்கே பெரிய லாரி திரும்பவே முடியாது. காலையில் வீடு வீடாக வரும் பேட்டரி வண்டியை நம்பித்தான் இந்தத் தெருக்கள் இருக்கின்றன. அந்த வண்டி நின்றுவிட்டதால் முனைத் தொட்டி நிரம்பி, தொட்டியைச் சுற்றிலும் மூட்டைகள் சேர்ந்து, அவற்றை நாய்களும் மாடுகளும் கிழித்துப் போட்டிருக்கின்றன. வெயில் ஏறி ஈரக்குப்பை சூடாகும் முற்பகலிலிருந்து பிற்பகலில் கடற்காற்று உள்ளே வரும்வரை நாற்றம் கடுமையாக இருக்கும். ஆகவே விடியற்காலையிலேயே தரிசனத்தை முடித்துக்கொண்டு, நண்பகலில் அறைக்குள் இருந்துவிட்டு, மாலையில் வெளியே வாருங்கள்.

எழும்பூரில் இறங்கினால் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, அங்கே வண்டி மாறினால் மண்ணடி இரண்டாவது நிலையம். அங்கிருந்து கோயில் வாசல்வரை ஆட்டோவில் செல்லுங்கள். ஆடி வெள்ளி என்பதால் கூட்டம் தெருவரை நிற்கும். வழக்கம்போல் செருப்பைத் தொலைவில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்க வேண்டாம். இந்த மாதத்தில் மாலை மழை ஒன்று பெய்தாலும் குப்பையிலிருந்து வடிந்த நீர் தெருப்பள்ளத்தில் நிற்கிறது; எலிகள் நடமாடும் இடத்தில் தேங்கிய நீரில் கால் வைத்தால், சிறு கீறல் வழியாகக்கூட எலிக்காய்ச்சல் தொற்றிவிடும். சாப்பாட்டைப் பொறுத்தவரை, கண்ணெதிரே சூடாக இறக்கித் தரும் இட்லி, தோசை, பொங்கல் போதும். ஈ மொய்க்கும் வெட்டிய பழம், தெருவோரச் சட்னி இரண்டையும் இந்த முறை விட்டுவிடுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எங்கள் கடைவாசலுக்கு வரும் பணியாளர் அம்மா ஒருவர் இருக்கிறார். காகிதத்தை அளவுக்கு வெட்டும்போது விழும் வெள்ளைத் துண்டுகள் மற்ற குப்பையோடு நனைந்து வீணாகிவிடக் கூடாது என்று, அவரே ஒரு கோணிச் சாக்கைக் கொண்டுவந்து கடைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்தார். நாங்கள் அதில் போடுவோம். நிறைந்ததும் அவர் வாயைக் கட்டி எடுத்துப் போவார். இப்போது அவர் ரிப்பன் மாளிகை வாசலில் அமர்ந்திருக்கிறார். இந்த இரண்டு மண்டலங்களின் வேலையும் தனியார் ஒப்பந்ததாரருக்குப் போய்விட்டது. மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் புதிய ஏற்பாட்டில் 16,000 ரூபாய் அளவுக்கு இறங்கிவிடுவோம் என்று அஞ்சுகிறார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தவர்கள், தங்களைப் பணிநிரந்தரம் செய்யுங்கள் என்று கேட்கிறார்கள். தெரு நாறுகிறது என்று சொல்லும்போது அவர்கள் மீது கோபம் வரும்படி சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எவர்சில்வர் பாட்டிலும் துணிப்பையும் கொண்டுவாருங்கள். தேங்காய், பூ, கற்பூரத்தை பிளாஸ்டிக் பையில் வாங்காதீர்கள். உலர்ந்த குப்பை எது சேர்ந்தாலும் மடித்து உங்கள் பெட்டியிலேயே ஊருக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள்.

எழில்நகர்க்காரன், 6 ஆகஸ்ட் 2025

மண்ணடி நண்பர் சொன்னதோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் குப்பை அள்ளப்படாததுதான் நெருக்கடி என்று இங்கே பேசப்படுவதைப் படிக்கும்போது, அள்ளப்பட்ட குப்பை எங்கே போகிறது என்பதையும் யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வீடு கொடுங்கையூர்க் குப்பைக்கிடங்கை ஒட்டிய எழில் நகரில் இருக்கிறது. மாநகராட்சியின் 15 மண்டலங்களில் முதல் எட்டு மண்டலங்களின் குப்பையும் இங்கேதான் வந்து சேர்கிறது. 1980களிலிருந்து கொட்டிக் கொட்டி, 340 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் குன்றும் மேடுமாகிவிட்டது. அதில் 252 ஏக்கரைத் தோண்டிச் சலித்துப் பிரித்து மீட்பதற்காக 640 கோடி ரூபாயில் பயோமைனிங் வேலை நடக்கிறது. அங்கே கிடக்கும் பழைய குப்பை மட்டும் 66 லட்சம் டன். ஒரு பக்கம் இப்படி அகற்றிக்கொண்டே, மறுபக்கம் நாள்தோறும் புதிய குப்பையைக் கொட்டுகிறார்கள். இப்போது இங்கேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையையும் கொண்டுவரப் போகிறோம் என்கிறார்கள். அது வேண்டாம் என்று கடந்த மே மாதம் நாங்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றோம். என் அம்மாவுக்கும் இளைப்பு உண்டு. கிடங்கில் தீப்பிடித்த இரவுகளில் ஈரத்துணியைச் சன்னலில் கட்டிவிட்டு அவரை உட்கார வைத்துக்கொண்டே விடிய விடிய விழித்திருந்திருக்கிறோம்.

உங்கள் தெருவில் சில நாளாக வீசும் நாற்றம் எங்களுக்கு ஆயுள் முழுவதும் வீசுகிறது. சகோதரியைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. ஒரு பை குப்பையைப் பற்றி உறுத்தல் வந்தது என்று எழுதினீர்களே, அதைப் படித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கம் உறவினர் யாரேனும் இருந்து அழைத்தாலும் இந்த முறை அம்மாவை அழைத்து வராதீர்கள்.

வண்ணாரப்பேட்டை செவிலி, 6 ஆகஸ்ட் 2025

ஓய்வுபெற்ற செவிலியர் என்ற முறையில் ஒரே ஒரு திருத்தம் சொல்கிறேன். பயணத்தைக் கைவிட வேண்டாம். மண்ணடி அறையைக் கைவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அழுகல் நாற்றத்தை விட அதை மறைக்கச் செய்யும் காரியங்களே அதிகத் தொல்லை தரும். குவியல் மீது தூவும் பிளீச்சிங் பவுடர், விடுதி வராந்தாவில் ஊற்றும் பினாயில், அறையில் கொளுத்தும் ஊதுவத்தி, சாம்பிராணி ஆகிய இவை யாவும் மூச்சுக்குழலைச் சுருங்கச் செய்யும். பொறுமை இழந்து சிலர் குவியலுக்குத் தீ வைத்துவிடுகிறார்கள். அந்தப் புகை கண்ணில் பட்டவுடன் அந்தத் தெருவை விட்டு விலகிவிட வேண்டும். இன்ஹேலர் பெட்டிக்குள் இல்லாமல் கைப்பையில் இருக்கட்டும். திடீரென்று ஏதேனும் ஆனால் ஸ்டான்லி மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் அறை எடுங்கள். அந்த மண்டலத்தில் குப்பை வண்டி வழக்கம்போல் வருகிறது. தேரடியிலிருந்து மண்ணடிக்கு வண்டி மாறாமல் மெட்ரோவில் வந்துவிடலாம். வடிவுடையம்மனையும் பார்த்தது போல் ஆகும்.

தூத்துக்குடி மகள், 16 ஆகஸ்ட் 2025

மூவருக்கும் நன்றி. செவிலியர் அம்மா சொன்னபடி தேரடிக்கு அருகில் தங்கினோம். வெள்ளிக்கிழமை விடியற்காலை மெட்ரோ ஒன்றைப் பிடித்து மண்ணடி வந்து, வெயில் ஏறும் முன்பே காளிகாம்பாளைப் பார்த்துவிட்டோம். அம்மா வாய்விட்டு எதையும் வேண்டவில்லை. அப்பாவின் பெயருக்கு மட்டும் அர்ச்சனை செய்யச் சொன்னார்.

மறுநாள் காலை, வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல், கல்மண்டபத்துப் பழைய வீட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்றார். தெருமுனையில் இருந்த குவியலில் ஆடி மாதப் பூஜைகளின் பூமாலைகளும் வாழைக்கன்றுகளும் கரும்பச்சையாக அழுகிக் கிடந்தன. வீட்டுக்காரர்கள் குப்பைப் பைகளை நாய்க்கு எட்டாத உயரத்தில் சன்னல் கம்பிகளில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த வீட்டு அக்கா அம்மாவை அடையாளம் கண்டு உள்ளே அழைத்தார். அவர் வீட்டில் நாற்றமே இல்லை. கேட்டதற்கு, மூடியிட்ட மூன்று பெயின்ட் வாளிகளைக் காட்டினார். காய்கறித்தோலும் சோறும் ஒன்றில், அதன் மேல் ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி காய்ந்த தென்னைநார்த்தூள், காகிதமும் பிளாஸ்டிக்கும் கழுவிக் காய வைத்து இன்னொன்றில், மூன்றாவதில் மற்றவை. மீன் செதிலையும் குடலையும் பால் உறைக்குள் கட்டி ஃபிரீசரில் வைத்திருந்தார். "வண்டி வர்ற அன்னைக்கு எடுத்துக் குடுத்துக்கலாம், மீன் திங்காம இருக்க முடியுமா?" என்றார். புகையோ பினாயிலோ இல்லாத அந்த வீட்டில் அம்மா இரண்டு மணி நேரம் இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவிலும் இதைச் செய்ய முடியும் என்று தோன்றியது, செய்யத் தொடங்கியிருக்கிறோம்.

ஊர் திரும்பிய பிறகு, 13ஆம் தேதி நள்ளிரவில் நீதிமன்ற உத்தரவைக் காட்டி ரிப்பன் மாளிகை வாசலில் இருந்தவர்களைக் காவல் துறையினர் அப்புறப்படுத்திய செய்தியைப் பார்த்தோம். அடுத்த நாள் காலையுணவுத் திட்டம் முதலான அறிவிப்புகள் வந்தன. அவர்கள் கேட்டது அது அல்லவே என்று அம்மா வருந்தினார். மண்ணடி ஐயா, உங்கள் கடைக்கு வரும் அந்த அம்மா நலமாக வேலைக்குத் திரும்பிவிட்டாரா? அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டார்.

மண்ணடிவாசி, 16 ஆகஸ்ட் 2025

இன்னும் வரவில்லை, சகோதரி. வண்டி வருகிறது, வேறொருவர் ஓட்டி வருகிறார். சாக்கு நிறைந்துவிட்டது, வாயைக் கட்டிக் கடைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அவர் வந்ததும் இங்கே எழுதுகிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள்.