கிரானைட்டில் திணறும் கல் அறுக்கும் இயந்திரம்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் பட்டறையில் 14 அங்குல வைர பிளேடு பொருத்திய, தண்ணீர் விட்டு அறுக்கும் மேசை இயந்திரம் இருக்கிறது. செங்கல், பேவர் கல் எல்லாவற்றையும் தயங்காமல் அறுக்கிறது. கிரானைட்டை வைத்தால் மட்டும் பாதியிலேயே வேகம் குறைந்து, அறுப்பதற்குப் பதில் தேய்க்கிறது, தீப்பொறியும் பறக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சோதித்தேன். பிளேடில் உள்ள அம்புக்குறி, அது சுழலும் திசையில்தான் இருக்கிறது, விரிசல் இல்லை, பெல்ட் தளரவில்லை. பம்பும் பிளேடின் இருபுறமும் தண்ணீர் தருகிறது. ஆனால் பிளேடின் விளிம்பு கண்ணாடி போல வழவழக்கிறது. வைரத்துகள்களைப் பிடித்திருக்கும் உலோகம் தேயாததால் புதிய துகள்கள் வெளிவரவில்லை என்றே சந்தேகிக்கிறேன். மணற்கல்லில் சில வெட்டுகள் போட்டால் சரியாகுமா, இல்லை கிரானைட்டுக்கென்றே தனி பிளேடு வாங்க வேண்டுமா? நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் மின்னழுத்தம் குறைவதும் காரணமாக இருக்குமா?

தண்ணீரை நிறுத்திவிட்டு வெட்டிப் பார்க்கச் சொல்கிறார் ஒருவர். அந்த யோசனை மட்டும் வேண்டாம் ஐயா. சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும், பிளேடும் சூடேறி வளையும். காப்பு மூடியைக் கழற்றும் பேச்சுக்கும் இடமில்லை.

மணற்கல் கிடைக்காத ஊர்க்காரர்கள் எதை அறுத்து பிளேடைத் தீட்டுகிறீர்கள்?